கடல் கடந்த கைத்திறன்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, காவத்தை, மாதம்பை ஆகிய ஊர்களைக் கடந்து இறக்குவானைக்குச் செல்லும் பாதையைத் தங்களுட் பலர் அறிந்திருப்பீர்கள். மலைச் சரிவெங்கும் தேயிலை. தாழ்ந்த நிலங்களில் இறப்பர். இடையிடையே வயல்களும், மாணிக்கக்கல் தோண்டும் குழிகளும் உள்ளன. விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆட்கள் புறப்பட்டுச் சென்ற பின்னர் தோட்டத்து லயம் அமைதியடைந்துவிடுகிறது. கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவின் பொறுப்பில் இருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றுவிடுகிறார்கள். ஆனால் எங்கும் செல்லாது இஸ்தோப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளையொன்றையும் சில லயங்களிற் காணலாம். அது காது கேளாத பிள்ளையாக இருக்கலாம். கண்பார்வையற்ற பிள்ளையாக இருக்கலாம். கால்கள் வலுவிழந்த பிள்ளையாகவோ, அறிவு வளர்ச்சி சற்று மெதுவான பிள்ளையாகவோ இருக்கலாம்.

அப்பிள்ளைக்குப் பதினாறு வயது என வைத்துக்கொள்வோம். தாய் அன்று மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் அன்றைய சம்பளமும் இல்லை. ஆகவே அவள் பிள்ளையை இருத்திவிட்டுப் போகத்தான் வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்து செல்லும் அத்தாயின் மனத்தில் ஒரே கேள்விதான் உண்டு. “எனக்குப் பின்னர் இதற்கு யார் சோறு போடுவார்கள்?” என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்கு விடை, பிள்ளையின் கையிலே ஒரு தொழிலைக் கொடுப்பதுதான். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கும் முறை தனிப்பட்ட ஒரு கலை. அக்கலை எந்த ஒரு நாட்டிலும் முழுமையாகப் பிறந்ததன்று. ஒரு நாட்டார் ஒன்றைக் கண்டறிந்தனர். மற்றொரு நாட்டார் அதனைக் கற்றுத் திருத்தினர். இவ்வாறு கடல் கடந்து வந்த கைத்திறன் நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது, அது இறக்குவானையின் லயம் வரைக்கும் வந்து சேர நாம் யாது செய்தல் வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நம் நாட்டு வரலாற்றையே நோக்குவோம். காது கேளாத பிள்ளைகளுக்கும் கண்பார்வையற்ற பிள்ளைகளுக்குமான பாடசாலையை இலங்கையில் 1912 ஆம் ஆண்டில் நிறுவியவர் மேரி சப்மன் என்னும் ஆங்கில மாது. தெகிவளையிலே தொடங்கிய அப்பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. அவ்வம்மையார் இலங்கையோடு நின்றுவிடவில்லை. 1920 ஆம் ஆண்டில் இரங்கூன் நகரிலும் காது கேளாதோருக்கான பாடசாலையொன்றைத் தோற்றுவித்தார். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் எழுந்த நவீல்ட் பாடசாலையும் இத்தகைய பிறநாட்டுத் தொடர்பின் பயனே. அதன் பெயரிலேயே ஓர் ஆங்கிலக் கொடையாளரின் பெயர் அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

இனி, பிரெயில் எழுத்தின் கதையைக் கேளுங்கள். பிரான்சு நாட்டில் 1809 ஆம் ஆண்டிற் பிறந்த லூயி பிரெயில், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகன். மூன்று வயதிலே தந்தையின் பட்டறையிற் கூரிய கருவியொன்றை எடுத்து விளையாடியபோது ஒரு கண்ணிற் காயமுற்றான். நோய் பரவி மற்றக் கண்ணும் ஒளியிழந்தது. அச்சிறுவன் பதினைந்து வயதளவில், ஆறு புள்ளிகளைக் கொண்டு எல்லா எழுத்துகளையும் விரல் நுனியால் உணரத்தக்க முறையொன்றை வகுத்தான். அம்முறை கீழைநாடுகளுக்கு வந்தபோது குழப்பம் நேர்ந்தது. ஒவ்வொரு பகுதியினரும் தத்தம் மனம்போனவாறு புள்ளிகளை அமைத்துக்கொண்டனர். ஓர் ஊரில் அச்சிட்ட நூலை மற்றோர் ஊரில் உள்ளவர் வாசிக்க இயலாத நிலை உண்டாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க யுனெஸ்கோ நிறுவனம் முன்வந்தது. அப்பணிக்கு ஆலோசகராக நின்று வழிகாட்டியவர் கிளூதா மக்கென்சி என்னும் நியூசிலாந்து நாட்டவர். 1915 ஆம் ஆண்டிற் கல்லிப்போலிப் போர்க்களத்திற் கண்களை இழந்தவர் அவர். 1951 ஆம் ஆண்டிற் பெய்ரூத் நகரிற் கூடிய மாநாட்டின் பின்னர், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான அடிப்படை கொண்ட பிரெயில் முறை உறுதியாயிற்று. தமிழ்ப் பிரெயிலும் அதனுள் அடங்கும். பிரெஞ்சுச் சிறுவன் ஒருவன் கண்ட புள்ளிகளை நியூசிலாந்துப் போர்வீரர் ஒருவர் ஒழுங்குபடுத்த உதவினார்; அவற்றைக் கொண்டு தமிழ்ப் பிள்ளையொன்று ‘அம்மா’ என்று வாசிக்கிறது. நாடுகளுக்கிடையேயான பரிமாற்றம் என்று நாம் கூறுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

எனினும், பரிமாற்றம் என்றவுடன் மேலைநாட்டார் கொடுப்பர், நாம் வாங்குவோம் என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதைத் தமிழ்நாட்டின் வேலூர் நமக்குக் கற்பிக்கிறது.

போல் பிராண்ட் என்னும் மருத்துவர் 1914 ஆம் ஆண்டிற் கொல்லிமலையிற் பிறந்தவர். இங்கிலாந்தில் வளர்ந்த அவர், மருத்துவம் பயிலுமுன்னர் தச்சுவேலையும் கட்டட வேலையும் கற்றார். 1946 ஆம் ஆண்டில் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தும் பணியில் ஈடுபட்டார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் நோயாளிகளுக்குப் பிழைப்பதற்குத் தொழில் இல்லை; அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வாரும் இல்லை. ஆகவே நவஜீவ நிலையம் என்ற பெயரில் ஒரு சிறு குடியிருப்பு உருவாயிற்று. அங்கே அவர்கள் தச்சுவேலை கற்றனர். மரப் பொம்மைகள் செய்தனர்.

அப்பட்டறையிலேதான் பெரும் உண்மையொன்று வெளிப்பட்டது. முன்னொருநாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க மருத்துவர் முயன்றும் முடியவில்லை. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பிவிட்டான். அவனது விரலில் இரத்தம் வடிந்தது. சாவி தோலைக் கிழித்துச் சென்றிருந்தது. அவனோ அதனை உணரவேயில்லை. தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்து அழிவதற்கு வலியை உணராமையே முதற்காரணம் என்னும் கருத்து இத்தகைய நிகழ்ச்சிகளால் வலுப்பெற்றது. உணர்ச்சியற்ற கை, கருவியை வேண்டியதற்கு மேல் இறுகப் பற்றுகிறது. அதனாற் புண் உண்டாகிறது. இதனை அறிந்தபின் கருவிகளின் பிடிகளைத் திருத்தியமைத்தனர். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கைகளைப் பரிசோதித்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். பழைய புண்கள் ஆறின. புதிய புண்கள் குறைந்தன.

1966 ஆம் ஆண்டிற் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரிற் கற்ற பாடம் அவரோடு சென்றது. நீரிழிவு நோயால் உணர்விழந்த கால்களைப் பாதுகாக்கும் முறைக்கு அப்பாடமே பெரிதும் துணைநின்றது. தமிழ்நாட்டு ஏழைத் தொழிலாளரின் கைகள் அமெரிக்க நோயாளரின் கால்களைக் காத்தன என்று கூறின் அது மிகையாகாது.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர் இருந்தார். 1954 ஆம் ஆண்டில் நேர்ந்த வாகன விபத்தினால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966 ஆம் ஆண்டில் வேலூரிற் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. ஒருவர் வெளிநாடு சென்று கற்று வந்தார். அக்கல்வி ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. அவர் திரும்பி வந்தமையாலும், திரும்பியவருக்குப் பணியாற்றும் இடம் இருந்தமையாலுமே அது கைகூடியது. இவ்விரண்டையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இவை நமக்குத் தேவைப்படும்.

நிற்க. இக்காலத்தில் இத்தகைய பரிமாற்றத்துக்கு என்ன வாய்ப்புகள் உள்ளன?

1951 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டத்தின் கீழ், தொழில்நுட்பம் கற்கப் பல நாட்டினர் பிறநாடுகளுக்குச் சென்று வந்தனர். நமது தலைநகரின் பெயரையே அத்திட்டம் தாங்கியிருப்பது நமக்குப் பெருமை. 1965 ஆம் ஆண்டில் உருவான யப்பானியத் தொண்டர் படை 1981 முதல் இலங்கைக்கும் ஆட்களை அனுப்பி வந்திருக்கிறது. அதே 1981 ஆம் ஆண்டு, வலுவிழந்தோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையால் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் டோக்கியோ நகரில் அபிலிம்பிக்ஸ் என்னும் தொழிற்றிறன் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. தையல், மரவேலை, கணினி வேலை, மலர் அலங்காரம் முதலிய துறைகளில் மாற்றுத்திறனாளிகள் நாடுகளின் பெயரால் அதிற் போட்டியிடுகின்றனர். 2003 ஆம் ஆண்டில் அது புதுடில்லியிலும், 2023 ஆம் ஆண்டிற் பிரான்சின் மெட்ஸ் நகரிலும் நடைபெற்றது.

யப்பானில் 1999 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டஸ்கின் பயிற்சித் திட்டம் தனியே குறிப்பிடத்தக்கது. ஆசிய பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி இளைஞர்கள் ஏறத்தாழப் பத்து மாதம் அங்கு தங்கிப் பயில்வதற்கு அத்திட்டம் வகைசெய்தது. “யப்பானிய மொழி தெரிந்தவர் மட்டும் வருக” என்று அவர்கள் கூறவில்லை. வந்தவர்களுக்கு முதலில் மொழியைக் கற்பித்தனர். காது கேளாதவருக்கு யப்பானியச் சைகை மொழியைக் கற்பித்தனர். அதன் பின்னரே ஏனைய பயிற்சி. மொழியைத் தடையாக நிறுத்தாது, பயிற்சியின் முதற்படியாக ஆக்கிய இம்முறையை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பாங்கொக் நகரில் 2002 ஆம் ஆண்டில், தாய்லாந்தும் யப்பானும் ஒத்துழைத்து ஆசிய பசிபிக் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிலையத்தை நிறுவின. அறிவு வளர்ச்சி மெதுவான இளைஞர்கள் பாண், பணிஸ் முதலியன செய்யப் பழகி, அவற்றை அங்கேயே விற்பனை செய்யும் வெதுப்பகமொன்றும் அந்நிலையத்தில் அமைந்தது. கற்கும் இடமும் சம்பாதிக்கும் இடமும் அருகருகே இருத்தல் எவ்வளவு நன்மை பயக்கும் என்பதற்கு அது சான்று.

சட்டமும் நமக்குத் துணையாகவே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயம் 2006 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் 27 ஆம் உறுப்புரை தொழில் பற்றியது. 32 ஆம் உறுப்புரை நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்புப் பற்றியது. இலங்கை அச்சமவாயத்தை 2016 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்கு முன்னரே 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு மூன்று இடத்தை ஒதுக்கும் 1988 ஆம் ஆண்டின் சுற்றறிக்கையும் நம் நாட்டிற் பிறந்துள்ளன.

ஆயின், இத்தனை வாயில்களும் திறந்திருக்க, இறக்குவானை லயத்துப் பிள்ளை இன்னும் இஸ்தோப்பிலேயே அமர்ந்திருப்பது ஏன்? காரணம் எளிது. கொழும்பிலிருந்து டோக்கியோவுக்குச் செல்லும் வழியினும், இறக்குவானையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வழியே அப்பிள்ளைக்கு நீண்டது. அவ்வழியிலே நான்கு தடைகள் உள்ளன.

முதலாவது, செய்தி. புலமைப்பரிசில் பற்றிய அறிவித்தல் பெரும்பாலும் ஆங்கிலத்திற் பிறந்து தலைநகரிலேயே உலவி மறைந்துவிடுகிறது. தோட்டத்துப் பாடசாலையின் அறிவித்தற் பலகைக்கு அது தமிழில் வருவது அரிது.

இரண்டாவது, ஆவணம். கடவுச்சீட்டுப் பெற அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டை பெறப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையக மக்களுட் பலருடைய சிக்கல் 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் நீடித்தது என்பதை நாம் அறிவோம். பாட்டனுக்கும் தந்தைக்கும் இல்லாத ஆவணத்தின் நிழல் பேரப்பிள்ளையின் மீதும் விழுகிறது. அதிலும், “வீட்டோடு கிடக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் எதற்கு?” என்று எண்ணிப் பதியாது விடும் பெற்றோரும் உளர்.

மூன்றாவது, மொழி. சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ்ச் சீதுவை, வத்தேகம போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. தையல், தச்சு, மின்சார வேலை முதலிய தொழில்களை இத்தகைய நிலையங்களிற் கற்கலாம். ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த பிள்ளை அங்கு சென்றால் ஆசிரியர் கூறுவது அதற்கு விளங்குமா? காது கேளாத பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பாடசாலை காணாத அப்பிள்ளைக்குத் தாயும் தானும் மட்டும் அறிந்த வீட்டுச் சைகையே மொழி. முறையான சைகை மொழியைக் கற்பிக்காமல் அப்பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பினும் பயன் விளையாது.

நான்காவது, திரும்பிய பின்னர் தொழில். பயின்று வந்தவனுக்குக் கருவியும் இல்லை, பட்டறையும் இல்லை, ஏற்கத்தக்க சான்றிதழும் இல்லை என்றால், அவன் மீண்டும் அதே இஸ்தோப்பில் அமர்வான். இம்முறை அவன் கையில் வெளிநாட்டிலெடுத்த புகைப்படம் ஒன்று இருக்கும், அவ்வளவே வேறுபாடு.

இத்தடைகளை நீக்கும் வழி யாது? என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

மாணவர் ஒருவரை அனுப்புவதினும் ஆசிரியர் ஒருவரை அனுப்புதல் சிறந்தது. மாணவர் தாம் கற்பார். ஆசிரியரோ திரும்பி வந்து ஆண்டுதோறும் பலருக்குக் கற்பிப்பார். அவ்வாசிரியருள்ளும் மாற்றுத்திறனாளி ஒருவர் இருப்பாராயின், வேலூர் மேரி வர்கீஸ் போல அவரே ஒரு பாடமாக விளங்குவார்.

தொலைவில் உள்ளதைத் தேடுமுன் அருகில் உள்ளதை நாடுதல் நன்று. தமிழ்நாட்டில் ஆய்க்குடியில் 1981 ஆம் ஆண்டிலே, தாமே உடல் வலுவிழந்தவரான எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியும் தொழிலும் அளித்து வருகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான இந்திய தேசிய நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கு செல்லும் மலையக ஆசிரியருக்கு மொழித்தடை இல்லை. உடன் செல்லும் தாய்க்கும் தடை இல்லை. பயிற்சியை அவள் தன் கண்ணாற் கண்டு, தன் மொழியிலே கேட்டறியலாம். இத்தகைய தமிழ்வழிப் பரிமாற்றத்துக்குச் செலவும் குறைவு.

பயிற்சி எதுவாயினும் அது நமது தேசிய தொழிற்றகைமை முறையோடு இணைக்கப்படல் வேண்டும். ஏழு மட்டங்களைக் கொண்ட அம்முறையில், முன்னரே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் இடமுண்டு. கடல் கடந்து கற்ற கல்வி உள்ளூர்ச் சான்றிதழாக மாறும்போதே வேலை கொடுப்போர் அதனை நம்புவர்.

கற்பிக்கும் தொழிலும் ஊருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். சப்பிரகமுவ, மாணிக்கக்கல்லுக்குப் பெயர்போன நாடு. கல்லைப் பட்டை தீட்டும் தொழில் அமர்ந்து செய்யத்தக்கது. கூர்ந்த கண்ணும் நிதானமான கையும் அதற்குப் போதும். காது கேளாத இளைஞருக்கும் நடக்க இயலாத இளைஞருக்கும் இது மிகவும் பொருந்தும். இத்தொழிலைக் கற்பிப்பதிலே உலகம் நம்மிடம் வந்து கற்கத்தக்க நிலை உண்டாகலாம். அவ்வாறாயின் பரிமாற்றம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் அன்று நிறைவேறும். கொடுக்கவும் ஒன்று உள்ளவனே தலைநிமிர்ந்து வாங்குவான்.

நேயர்களே, பெரிய திட்டங்களை அரசாங்கங்களும் நிறுவனங்களும் வகுக்கட்டும். நாம் செய்யத்தக்க சிறு காரியங்களும் உள்ளன. தங்கள் லயத்திலோ அயலிலோ அத்தகைய பிள்ளை உண்டாயின், அதன் பிறப்பு பதியப்பட்டுள்ளதா என விசாரியுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் அப்பிள்ளையின் பெயரைக் கொடுங்கள். அறிவித்தல் ஒன்று ஆங்கிலத்தில் வருமாயின், வாசிக்கத் தெரிந்தவர் அதனைத் தமிழிற் கூறி, தோட்டத்து மக்களுக்கு விளங்கச் செய்யுங்கள். பெயர் பதியப்படாத பிள்ளைக்காக எந்த நாடும் இடம் ஒதுக்குவதில்லை.

நாளை விடியற்காலையிலும் இறக்குவானை மலைகளிற் பெரட்டு கூடும். தாய்மார் கூடையுடன் புறப்படுவர். இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கைகளை அன்று ஒருமுறை உற்றுநோக்குங்கள். அக்கைகள் எதைச் செய்ய வல்லன என்று கேளுங்கள். பிரெயிலின் தந்தையும், வேலூர்ப் பட்டறையில் நின்ற மருத்துவரும் தத்தம் பணியைத் தொடங்கியது அக்கேள்வியிலிருந்துதான்.